எர்த் ஒயரைக் கழட்டியவன் எழுதுவது

போன மே மாச லீவில் நான் செய்த வால்வு கிட்டார் ஆம்ப் முதல் முறை உயிரோடு எழுந்தபோது, அது பாடிய முதல் பாட்டு "ம்ம்ம்ம்ம்". கிட்டாரை இன்னும் சொருகவே இல்லை. வால்யூமை ஏற்றினேன், கொஞ்சம் ஏறியது. இறக்கினேன், முழுசா இறங்கவில்லை. வெளியே பனிமூட்டம், உள்ளே ஈயப் புகை, நடுவில் இந்த உறுமல். வீடு பெருமாள்மலையில். வத்தலக்குண்டில் இருந்து மலை ஏறுகிறவர்கள் கொடைக்கானல் வந்துவிட்டதென்று நினைத்து பஸ்ஸில் எழுந்து நின்று, பிறகு உட்காருவார்களே, அந்த ஊர்.

மாமா எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அவர். "கோடை எஃப்.எம். டவர் பக்கத்துலயே இருக்குல்ல மாப்ள, அதான் இழுக்குது" என்றார். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். என் ஆம்ப் உறுமியது 100 ஹெர்ட்ஸ். ரெண்டும் நூறு என்பதைத் தவிர ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒன்று மற்றதைப் போல பத்து லட்சம் மடங்கு. பண்பலையில் அலையின் உயரம் மாறாது, அதிர்வெண்தான் மாறும். அதனால் முதல் வால்வு அதைத் தவறிப்போய்ப் பிடித்து நேர்மின்னாக்கினாலும் இப்படி ஒரே சீராக உறுமாது. அன்றைக்கு இதையெல்லாம் மாமாவிடம் விளக்கியதில் எனக்கு ரொம்பப் பெருமை. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பது ஆறு மாசம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குள் ஒருத்தன் சாக இருந்தான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கடைசியில் நம்ம காலேஜுக்கு ஒரு கோரிக்கையும் இருக்கு.

முதலில் ஆம்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோ ஒன்றின் எலும்புக்கூட்டில் இருந்து அவுட்புட் டிரான்ஸ்பார்மரும், பெங்களூர் பி.இ.எல். முத்திரை போட்ட ரெண்டு வால்வும் கிடைத்தன. முன்பகுதிக்கு ஈசிசி83, பின்பகுதிக்கு ஈஎல்84. பவர் டிரான்ஸ்பார்மரை மதுரையில் ஒரு காயில் சுத்துற கடையில் சுற்றி வாங்கினேன். டி.சி. பக்கம் 300 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஹீட்டருக்கு 6.3 வோல்ட் ஏ.சி. சேஸிஸ் அலுமினியத் தகடு. ஓட்டைகளை நானே போட்டேன். அந்த ஓட்டைகளில் ஒன்றுதான் இந்தக் கதையின் வில்லன், கொஞ்சம் பொறுங்க.

ஏன் வால்வு, டிரான்சிஸ்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு நீளமான பதில் இல்லை. கண்ணால் பார்க்க முடிகிற எலக்ட்ரானிக்ஸ் அது. சூடாகிறது, ஒளிர்கிறது, தப்பு செய்தால் கத்துகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய ரேடியோவை அப்படியே கிட்டார் ஆம்பாக மாற்றுவது எப்படி என்று வீடியோ பார்த்துக் கிளம்பாதீங்க. ஏ.சி.-டி.சி. ரெண்டிலும் ஓடும் மாடல்கள் நிறைய வந்திருக்கின்றன. யூசிஎச்81, யூஎல்84, யூஒய்85 என்று "யூ" எழுத்தில் தொடங்கும் வால்வுகள் அதில் இருக்கும். அவற்றுக்கு மெயின்ஸை உள்ளே இருந்து பிரிக்கும் டிரான்ஸ்பார்மரே கிடையாது. ஹீட்டர்கள் சீரியலில் நேராக லைனில் தொங்கும், சேஸிஸே லைனின் ஒரு முனை. பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேஸிஸ் ஃபேஸ். மரப்பெட்டிக்குள் யாரும் தொடாதபடி அடைத்து வைத்திருந்ததால்தான் அது வீட்டில் ஓடியது. கிட்டார் கம்பி என்பது சேஸிஸை வெளியே இழுத்துவந்து உங்கள் விரலில் சுற்றிவிடுவது.

சரி, லீவு முடிந்து ஆம்பை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன். லேப்டாப்பில் இருந்து பேக்கிங் டிராக்கை ஆம்புக்குக் கொடுத்ததும் உறுமலோடு "ஸ்ஸ்ர்ர்ர்" என்று ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. ஃப்ளோர் முழுக்கக் கேட்டது. ஒரு சீனியர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எர்த் லூப்டா. எர்த்த கழட்டு, போயிரும்" என்றார். பிளக்கைத் திறந்தேன், பச்சை ஒயரைக் கழட்டினேன், மடக்கி டேப் சுற்றினேன். சத்தம் முக்கால்வாசி போயே போச்சு! அண்ணனைக் கும்பிடாத குறை. அவர் சொன்னது தொழில்நுட்பமாகச் சரிதான் என்பதுதான் கொடுமை. லூப் உண்மையிலேயே இருந்தது, கழட்டினால் உண்மையிலேயே அறுந்தது. தப்பான வழி என்றால் வேலை செய்யாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இது வேலை செய்தது. அதனால்தான் பத்து பேருக்குப் பரவுகிறது.

மூணு மாசம் கழித்துக் கல்ச்சுரல்ஸ் ஒத்திகை. என் ஆம்பில் கிட்டாரைப் போட்டு நண்பன் ஒருத்தன் வாசித்துக்கொண்டே பாட வந்தான். இடது கை கம்பியில். மைக்கில் உதடு பட்டது. ஒரு சத்தம் போட்டான், அது பாட்டு இல்லை. பின்னால் சாய்ந்து விழுந்தான். விழுந்த வேகத்தில் கிட்டார் கேபிள் ஜாக்கில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அது வந்ததால்தான் அவன் இன்றைக்கு இதைப் படித்துவிட்டு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டப் போகிறான். உதட்டில் சின்னதாக ஒரு கருகல், ரெண்டு நாள் விரலில் மதமதப்பு, டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அனுப்பினார். அவ்வளவோடு போனது.

அன்று ராத்திரி ஆம்பைத் திறந்தேன். மெயின்ஸ் ஒயர் நுழைகிற ஓட்டையில் நான் ரப்பர் கிராமெட் போடவில்லை. அலுமினிய விளிம்பு கத்தி மாதிரி. பஸ்ஸிலும் ஹாஸ்டல் மாடிப்படியிலும் ஆடி ஆடி, ஒயரின் உறையை அறுத்துச் செம்பு தகட்டைத் தொட்டிருந்தது. ஃபேஸ் ஒயர். எர்த் இருந்திருந்தால் அறுத்த அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும், நான் "என்னடா ஃபியூஸ் போச்சே" என்று சலித்துக்கொண்டு திறந்திருப்பேன். எர்த் இல்லாததால் சேஸிஸ் சத்தமே இல்லாமல் 230 வோல்ட்டில் உட்கார்ந்திருந்தது. சேஸிஸில் இருந்து கேபிள் ஷீல்டு, ஷீல்டில் இருந்து கிட்டார் பிரிட்ஜ், பிரிட்ஜில் இருந்து ஆறு கம்பி. எதிர்முனையில் மிக்ஸர் வழியாக ஒழுங்காக எர்த் ஆன மைக். நடுவில் என் நண்பன். ஆம்பும் நல்லா வாசித்தது, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஹம்மிங்கூட ரொம்பக் கம்மி.

இது எனக்கு மட்டும் வந்த அதிசய விபத்து இல்லை. ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீ நகரில் மேடையிலேயே, மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. கம்பி ஒரு கையில், மைக் உதட்டில் என்கிற அமைப்பே அப்படி. மின்சாரம் நுழையவும் வெளியேறவும் ரெண்டு நல்ல வழி, நடுவில் நெஞ்சு.

இப்போ நம்ம மொழியைக் கொஞ்சம் கவனிங்க. ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் என்ன சொல்கிறோம்? "எர்த் அடிக்குது." கிரைண்டரில் ஷாக் வந்தால் "எர்த் ஆகுது". அடித்தது ஃபேஸ். ஃபேஸ் எங்கோ கசிந்து தகட்டில் நிற்கிறது. எர்த் அடிக்கவில்லை, எர்த் சரியாக இல்லாததால்தான் அடித்தது. ஆனால் காவல்காரன் மேல் திருடன் பெயரை எழுதிவிட்டோம். "எர்த் அடிக்குது" என்று ஒரு வீடு நம்பிவிட்டால் அடுத்து என்ன செய்யும்? எர்த்தைக் கழட்டும். மூணு பின்னை ரெண்டு பின்னாக்கும் கட்டை எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் தொங்குகிறது. நம்ம பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் தடிமனாக, நீளமாக இருக்கிறது தெரியுமா? சொருகும்போது முதலில் அது சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக அது பிரிய வேண்டும். இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை நாம் நாற்பது ரூபாய் கட்டையில் கழித்துவிடுகிறோம்.

மொழி ஒரு பக்கம், வகுப்பு இன்னொரு பக்கம். முதல் செமஸ்டரில் இருந்து எத்தனை சர்க்யூட் வரைந்திருப்போம்? அடியில் மூணு கோடு போட்டு "கிரவுண்ட், ஜீரோ வோல்ட்" என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். எர்த்துக்கு ஒரு குறி, சேஸிஸுக்கு ஒரு குறி, சிக்னல் பொதுமுனைக்கு ஒரு குறி என்று தனித்தனியாக இருக்கு. நாம் மூணுக்கும் ஒரே குறியைப் போடுகிறோம், கை வேகத்துக்கு. அதன் விளைவு என் தலையிலும் அந்த சீனியர் அண்ணன் தலையிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தது: "ஹம்மிங் கிரவுண்ட் பிரச்சினை. எர்த்தும் கிரவுண்டுதான். அதனால் எர்த்தில் கை வை." என் கருத்து இதுதான், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். நம்ம லேபில் வரைகிற அந்தச் சின்ன மூணு கோடு தப்பான பாடம் நடத்துகிறது. பிளக்கில் இருக்கிற எர்த் உயிருக்கு. ஆம்புக்குள் இருக்கிற கிரவுண்ட் சத்தத்துக்கு. சத்தத்தைச் சரிசெய்ய உயிரில் கை வைக்கத் தேவையே இல்லை. சும்மா சொல்லவில்லை, பச்சை ஒயரைத் திரும்ப மாட்டி, கிராமெட் போட்டு, அதே ஆம்பின் ஹம்மிங்கை அடக்கிவிட்டுத்தான் சொல்கிறேன். எப்படி என்று சொல்கிறேன், இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, கொஞ்சம் நீளும்.

முதலில் எந்த உறுமல் என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். நம்ம மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய சுரத்தில் 49 ஹெர்ட்ஸ் ஜி. ஆக நம்ம மின்வாரியம் நாடு முழுக்க ஐந்து கட்டைக்குச் சற்று மேலே சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் புத்தகங்களில் 60, 120 என்று இருக்கும், அதை அப்படியே எடுக்காதீங்க. ஹீட்டரில் இருந்தோ, டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தில் இருந்தோ, வெளி லூப்பில் இருந்தோ வருவது பெரும்பாலும் 50. ஃபுல் வேவ் ரெக்டிஃபையருக்குப் பிறகு ஃபில்டரில் மிச்சம் இருப்பது 100. ரெண்டையும் பிரிக்க ஆஸிலாஸ்கோப் வேண்டாம், கிட்டார் போதும். ஆறாவது கம்பியில் மூணாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். சுருதி சேர்த்துவிட்டு அதை அடித்துப் பிடிங்க. உறுமல் 100 என்றால் ரெண்டும் உரசி நொடிக்கு ரெண்டு முறை "வாவ், வாவ்" என்று அலை அடிக்கும். உறுமல் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கனமாகக் கிடந்தால் 50. சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாக வராது என்பதையும் ஞாபகம் வையுங்க. எட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் நீங்கள் கேட்பது அதன் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.

எனக்கு வந்தது 100, கூடக் கொஞ்சம் கரகரப்பு. அடுத்து எங்கே நுழைகிறது? பழைய ரேடியோ மெக்கானிக்குகள் செய்வது போல வால்வைப் பிடுங்கிப் பார்ப்பதுதான். அணைத்து, ஆறவிட்டு, முன் வால்வைக் கழட்டிவிட்டுப் போட்டேன். உறுமல் கிட்டத்தட்ட போய்விட்டது. அப்படியென்றால் ஃபில்டர் கண்டன்சர் பெரிய குற்றவாளி இல்லை, பின் வால்வும் இல்லை. முன் வால்வு எதையோ கேட்டுப் பெரிதாக்கிச் சொல்கிறது.

எதை? இங்கேதான் "கிரவுண்ட் ஜீரோ வோல்ட்" உடைகிறது. ஆம்ப் சராசரியாக எடுப்பது 55 மில்லி ஆம்பியர் அளவுதான். ஆனால் ரெக்டிஃபையர் முதல் கண்டன்சரை நாள் முழுக்க நிரப்புவதில்லை. ஏ.சி. உச்சத்துக்குப் போகும் சின்ன நேரத்தில் மட்டும், 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, மொத்தமாக அள்ளிக் கொட்டும். சில நூறு மில்லி ஆம்பியர் துடிப்பு அது. 0.4 ஆம்பியர் என்று வையுங்க. 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 20 சென்டிமீட்டர் எடுத்தால் அதன் தடை ஏறக்குறைய 7 மில்லி ஓம். பெருக்கினால் 3 மில்லிவோல்ட்டுக்குப் பக்கம். நான் என்ன செய்திருந்தேன்? பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சேஸிஸ் நெடுக ஒரே கருப்பு ஒயரை ஓட்டி, டிரான்ஸ்பார்மர் நடுமுனை, கண்டன்சர், வால்வு கேத்தோடு, இன்புட் ஜாக் எல்லாவற்றையும் அதில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். நிரப்புத் துடிப்பு முழுதும் இன்புட் ஜாக்கின் கிரவுண்டு வழியாகச் சுற்றிப் போகிற மாதிரி. தேய்ந்து அடங்கும் ஒரு கிட்டார் நோட்டே சில மில்லிவோல்ட்தான். அதன் காலடியில் நான் 3 மில்லிவோல்ட்டைக் கொட்டி, அதை ஐம்பது மடங்கு பெருக்கும் வால்வில் கொடுத்திருக்கிறேன். உறுமாமல் என்ன செய்யும்?

திருத்தம் ரெண்டு மணி நேர வேலை. டிரான்ஸ்பார்மர் நடுமுனையை நேராக முதல் கண்டன்சரின் மைனஸ் முனைக்கே கொண்டுபோய், துடிப்பை அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடைத்தேன். வால்வுகளின் கிரவுண்டை அந்த முனையில் இருந்து தனி ஒயரில், பின் வால்வுக்கு ஒன்று, முன் வால்வுக்கு ஒன்று என்று பிரித்தேன். இன்புட் ஜாக்கைப் பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் தகட்டில் இருந்து பிரித்தேன். சிக்னல் கிரவுண்டை ஒரே ஒரு இடத்தில், ஜாக் பக்கத்தில், சேஸிஸோடு சேர்த்தேன். ஹீட்டர் ஒயர்களை இறுக்கி முறுக்கி மூலையோடு ஓட்டி, ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டரால் ஒரு செயற்கை நடுமுனை கொடுத்ததில் மிச்சம் இருந்த 50-ம் இறங்கியது. அந்தக் கரகரப்பு? லேப்டாப். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் போச்சு. சார்ஜரோடுதான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். லூப்பை அறுக்க வேண்டிய இடம் சிக்னல் கேபிள். பிளக் இல்லை.

பச்சை ஒயர்? அது தனியாக, மெயின்ஸ் நுழையும் இடத்திலேயே, பெயிண்ட் சுரண்டிய தகட்டில், தனக்கென்று ஒரு போல்ட்டும் நட்டும் வைத்து. டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் போல்ட்டில் கூட்டாக இல்லை. சிக்னல் கிரவுண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டரும் டையோடும் போடுகிற வித்தை ஒன்று உண்டு, அதைச் செய்பவர்கள் செய்யலாம். பச்சை ஒயருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மட்டும் எதுவும் வரக் கூடாது. இதையெல்லாம் செய்யும் முன் கண்டன்சரை இறக்குங்க. 300 வோல்ட் ஏறிய 47 மைக்ரோஃபாரட் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் காத்திருக்கும். 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டால் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்க. ஒரு கை பாக்கெட்டில்.

இவ்வளவும் முடித்து, எல்லாம் தெரிந்த தெனாவெட்டில் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். "எர்த்தைக் கழட்டுறவங்க எல்லாம் முட்டாள்" என்று மாமாவிடம் ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் குண்டு பல்பை எடுத்துவந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பளிச். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். இழை சிவந்தது, அவ்வளவுதான். "நம்ம மலையில எர்த்து இவ்வளவுதான் மாப்ள. கீழ பாறை" என்றார். (இந்த டெஸ்டை நீங்கள் செய்யாதீங்க. அந்த நேரத்தில் வீட்டில் எர்த் ஆன பொருள்களில் எல்லாம் வோல்ட் ஏறும்.)

பழனி மலை கெட்டியான சார்னோகைட் பாறை. பல இடங்களில் அதன் மேல் மண் ஒரு போர்வைதான். குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊற்றினால் மழைக்காலத்தில் வேலை செய்யும், பிப்ரவரி மார்ச்சில் காய்ந்து கை விரிக்கும். டெஸ்டர் இரவல் வாங்கி அளந்தோம், எங்கள் வீட்டு எர்த் 180 ஓம். கணக்குப் போடுங்க. ஃபேஸ் தகட்டைத் தொட்டால் 230 வகுத்தல் 180, சுமார் 1.3 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஃபியூஸ் போகாது, எர்த் ஒயரே ஃபேஸாகி, அதில் கோர்த்த ஃப்ரிட்ஜ், கீசர், மோட்டார் பைப் எல்லாம் சேர்ந்து அடிக்கும். ஆக மாமா தலைமுறை "எர்த் அடிக்குது" என்று சொன்னது வெறும் அறியாமை இல்லை. அவர்கள் வாழ்ந்த வீட்டில் எர்த் உண்மையாகவே அடித்தது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் பதில் கழட்டுவது இல்லை. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். 180 ஓம் எர்த் அதற்குப் போதும், 1000 ஓம் கூடப் போதும். அப்போதும் 230 மில்லி ஆம்பியர் கசியும், கண் இமைக்கும் முன் விழுந்துவிடும். நல்ல டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றின் விலை வராது. மாமாவும் நானும் சேர்ந்து மாட்டினோம். மாட்டிய அன்றே விழுந்தது, வாட்டர் ஹீட்டர் எலிமென்டில் கசிவு. "இவ்வளவு நாள் இதுலயா குளிச்சோம்" என்றாள் அம்மா. ஒன்று மட்டும் மறக்காதீங்க: ஆம்புக்கு உள்ளே இருக்கிற 300 வோல்ட் டி.சி.யிடம் இருந்து ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றாது. டிரான்ஸ்பார்மர் நடுவில் இருப்பதால் அந்தக் கணக்கு அதன் கண்ணுக்கே தெரியாது.

இப்போ கோரிக்கை. கல்ச்சுரல்ஸுக்கு ஆம்ப், கீபோர்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று மாணவர்கள் கையால் செய்ததும் கடையில் வாங்கியதும் கலந்து மேடைக்கு வருகின்றன. யாரும் பார்ப்பதில்லை. பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேஸிஸுக்கும் மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் கீழே இருக்கா? ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து, தகட்டுக்கு எதிராக 500 வோல்ட் மெக்கரில் மெகாஓம் கணக்கில் காட்டுதா? ஒரு பொருளுக்கு அஞ்சு நிமிஷம். மெக்கர் மெஷின்ஸ் லேப் பீரோவில் செமஸ்டருக்கு ஒரு முறை வெளிச்சம் பார்க்கிறது. ட்ரிப்பிள்-ஈ பசங்க நாலு பேர் மேடைக்குப் பின்னால் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். பச்சை ஸ்டிக்கர் இல்லாத எதுவும் மேடை ஏறக் கூடாது. ஹாஸ்டல் சாக்கெட்டுகளில் எத்தனையின் மூணாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறது என்பதையும் அதே நாலு பேர் ஒரு சனிக்கிழமையில் பார்த்துவிடலாம். "இத்தனை வருஷம் எர்த் இல்லாமத்தான் வாசிச்சோம், என்ன ஆச்சு?" என்று ஒரு சீனியர் வாட்ஸ்அப்பில் கேட்டார். அண்ணா, அன்றைக்கு ஜாக் லூசாக இருந்தது. அதுதான் ஆச்சு.

ஆம்ப் இப்போது பெருமாள்மலையில் இருக்கிறது. வால்யூமை முழுசாக வைத்தால் 50 ஹெர்ட்ஸ் இன்னும் மெல்லிசாகக் கேட்கிறது. பவர் டிரான்ஸ்பார்மரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதுதான் காரணம் என்று சந்தேகம். ஒன்றைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் புதுசாக நாலு ஓட்டை போட வேண்டும், இந்த முறை கிராமெட்டோடு. வேறு சுலப வழி தெரிந்தவர்கள் ஹாஸ்டலில் வந்து சொல்லுங்க. எர்த்தைக் கழட்டிப் பார் என்பதைத் தவிர எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். போன மாசம் அந்த நண்பன் வீட்டுக்கு வந்தான். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தவன் கம்பியைத் தொடவில்லை. "மீட்டர் எங்கடா?" என்றான்.